தீவுகளுக்குப் பின்னால் திறக்கும் கடல்: ஒரு கடலடிச் சுவர்ப்படம் வாங்கிப் பாவித்த பிறகு

யாழ். நகரில் ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் உள்ள ஒரு புத்தகக் கடையில், பாடசாலைச் சுவர்ப்படங்கள் சுருட்டிச் சாத்தியிருக்கும் மூலையில் இந்தப் படம் கிடைத்தது. கிழக்கு இந்து சமுத்திரத்தையும் மேற்குப் பசுபிக்கையும் ஒன்றாகக் காட்டும் கடலடிப் படம். நாலேகால் அடி அகலம், ஐந்தடி உயரம். இரண்டு பக்கமும் லமினேற் செய்திருக்கிறார்கள். மேலும் கீழும் மரச்சட்டம், தொங்கவிடக் கயிறு. விலை 5,200 ரூபா. ரியூட்டரியில் படிப்பித்துச் சீவிக்கும் ஒருவருக்கு இது சின்னக் காசில்லை. அதனால்தான் வாங்கிய கையோடு எழுதாமல், கொக்குவிலில் என்னுடைய உயர்தரப் புவியியல் வகுப்பில் ஒரு தவணை முழுக்கத் தொங்கவிட்டுப் படிப்பித்த பிறகு எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். அமிழ்வு வலயங்களுக்கு, அதாவது பூமியோட்டின் ஒரு தகடு மற்றதன் கீழ் இறங்கும் இடங்களுக்கு, பின்னால் கடல் எப்படித் திறக்கிறது என்பதை இவ்வளவு வடிவாகக் காட்டும் வேறொரு படம் எங்கள் ஊர்க் கடைகளில் என் கண்ணில் படவில்லை. ஆனால் எங்களுக்கு ஆகக் கிட்ட இருக்கும் அப்படியான கடலில், அந்தமானில், இந்தப் படம் ஒரு பெரிய விசயத்தை விட்டுவிட்டது. அதைக் கையால் வரைந்துகொண்டுதான் பாவிக்க வேண்டும்.

இப்படி ஒரு படம் ஏன் தேவை? பாடப்புத்தகங்களில் தகட்டோட்டம் என்றால் ஒரு குறுக்குவெட்டுப் படம் வரும். ஒரு தகடு மற்றதன் கீழ் சரிந்து இறங்கும், அந்த இடத்தில் அகழி, அதற்கு அப்பால் எரிமலை, இரண்டு அம்புக்குறி. எரிமலையோடு படம் முடிந்துவிடும். எரிமலைத் தீவுகளுக்குப் பின்பக்கம் என்ன கிடக்கிறது என்று பிள்ளைகள் நினைத்துப் பார்க்கவே இடமில்லை. இந்தச் சுவர்ப்படத்தில் அமிழும் எல்லைகளைப் பல் வைத்த சிவப்புக் கோட்டாலும், கடற்றளம் விரியும் இடங்களை இரட்டைக் கோட்டாலும் போட்டிருக்கிறார்கள். மேற்குப் பசுபிக்கின் மரியானாத் தீவுகளுக்குப் பின்னால் அந்த இரட்டைக் கோட்டைக் கண்டுவிட்டு, முன்வாங்கில் இருந்த பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், ரெண்டு தகடும் முட்டுப்படுதெண்டால் எல்லாம் நெருங்கத்தானே வேணும்? பிறகு என்னெண்டு பின்னால கடல் விரியும்?"

அந்தக் கேள்விக்கு வகுப்பில் பதில் சொல்ல இந்தப் படம் எவ்வளவுக்கு உதவுகிறது என்பதை வைத்தே இதை மதிப்பிடுகிறேன்.

மரியானாவில் படம் அபாரம். அகழி வில்லாக வளைந்து கருநீலத்தில் கிடக்கிறது. அதன் தென்முனைப் பக்கம் சலஞ்சர் ஆழம், ஏறத்தாழ 10,900 மீற்றர். அகழிக்கு மேற்கே இன்றைக்கும் உயிரோடிருக்கும் எரிமலைத் தீவு வரிசை. அதற்கு மேற்கே ஒடுங்கிய ஒரு தாழ்வு: மரியானாப் பள்ளம். அதைத் தாண்டினால் மேற்கு மரியானா முகடு என்ற கடலடி மேடு, பிறகு பரேசே வேலா என்ற அகலமான படுகை, கடைசியில் பலாவு–கியூஷு முகடு. மேடு, பள்ளம், மேடு, பள்ளம், மேடு. இவ்வளவும் படத்தில் அரைச் சாண் அகலத்துக்குள் வந்துவிடுகின்றன. மேடுகளின் கிழக்குச் சரிவுக்கும் மேற்குச் சரிவுக்கும் வேறுவேறு நிழல் கொடுத்திருப்பதால் கையால் தடவிப் பார்க்கலாம் போல இருக்கும்.

அந்த மூன்று மேடும் ஒரு காலத்தில் ஒரே எரிமலை வரிசை. ஏறத்தாழ 52 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் பசுபிக் தகடு அங்கே கீழே இறங்கத் தொடங்கியது, அதன் மேல் ஒரு தீவு வில், அதாவது வில்லாக வளைந்த எரிமலைத் தீவு வரிசை, வளர்ந்தது. ஏறத்தாழ 30 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் அந்த வில் நீளவாக்கில் பிளந்தது. மேற்குப் பாதி எரிமலைத் தன்மை இழந்து பலாவு–கியூஷு முகடாக நின்றுவிட்டது. கிழக்குப் பாதி அகழியோடு சேர்ந்து விலகிப் போனது. நடுவில் புதிய கடற்றளம் உண்டாகிப் பரேசே வேலாப் படுகை ஆனது. அந்த விரிவு ஏறத்தாழ 15 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் ஓய்ந்தது. பிறகு, அண்மைய சில மில்லியன் ஆண்டுகளுக்குள், மிஞ்சிய வில்லும் இன்னொருமுறை பிளந்தது. அதில் கழன்ற பாதிதான் மேற்கு மரியானா முகடு. நடுவிலுள்ள மரியானாப் பள்ளம் இன்றைக்கும் விரிந்துகொண்டிருக்கிறது. இதைச் சொல்லிக்கொண்டே கிழக்கிலிருந்து மேற்காக விரலை நகர்த்தினால் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு பார்ப்பார்கள். கொப்பியில் படம் வரைந்து இதை விளங்கப்படுத்த நான் பட்ட பாட்டுக்கு, இந்த ஒரு இடத்துக்காகவே 5,200 ரூபா கொடுக்கலாம்.

சரி, ஏன் பிளக்கிறது? மரியானாவில் இறங்கும் பசுபிக் தகடு 150 மில்லியன் ஆண்டுகளுக்கு மேல் பழையது. அவ்வளவு காலம் கடலுக்கடியில் குளிர்ந்து தடித்துக் கனத்துப் போயிருக்கிறது. அது முன்னுக்குத் தள்ளப்பட்டு மட்டும் கீழே போவதில்லை, தன் சொந்தப் பாரத்தாலும் அமிழ்கிறது. குளத்தில் மிதக்கவிட்ட ஓலைப்பாயின் ஒரு நுனி நனைந்து தாழத் தொடங்கினால், பாய் வளையும் இடம் மெல்ல மெல்ல மிதக்கும் பக்கத்துக்கு நகர்ந்துகொண்டே போகும். தகட்டிலும் அப்படித்தான். அது வளையும் இடம்தான் அகழி. அகழி கிழக்கு நோக்கிப் பின்வாங்குகிறது. மேலே இருக்கும் தகட்டின் விளிம்பு அகழியை விட்டு விலகி நிற்க முடியாது, கூடவே இழுபட்டுப் போக வேண்டும். ஆனால் தகட்டின் பின்பகுதி முழுவதும் அதே வேகத்தில் வராது. அப்போது எங்காவது கிழிந்தாக வேண்டும்.

கிழிவது ஆக மெலிந்த இடத்தில். அது தீவு வில்தான். இறங்கும் தகடு தன்னோடு கொண்டுபோன கடல்நீரை ஆழத்தில் வெளிவிடுகிறது. அந்த நீர் தகட்டுக்கு மேலே, பூமியோட்டுக்குக் கீழே உள்ள மூடிப் பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. பாறை உருகி மக்மாவாக மேலெழுகிறது. அதனால் வில்லுக்குக் கீழே தகடு சூடாகவும் நலிந்தும் இருக்கும், இழுவை வந்தவுடன் அங்கேயே பிளவு விழும். பிளந்த இடத்துக்குள் கீழேயிருந்து மூடிப் பாறை ஏறி வருகிறது. ஏறும்போது அமுக்கம் குறைவதால் தானாகவே உருகுகிறது. பசோல்ட்டுக் கற்குழம்பு வெளிவந்து இறுகிப் புதிய கடற்றளம் ஆகிறது. நடுச்சமுத்திர முகட்டில் நடக்கும் அதே வேலை, ஆனால் அமிழ்வு வலயத்துக்குப் பக்கத்தில் நடப்பதால் இந்தக் கற்குழம்பில் நீர் கூடுதலாகக் கலந்திருக்கும். ஆக, அந்தப் பிள்ளைக்கான பதில் இதுதான்: இரண்டு தகடும் நெருங்குகின்றன, அதேநேரம் அகழி பின்வாங்குகிறது. மேற்றகடு பின்தொடரும் வேகத்தைவிட அகழி பின்வாங்கும் வேகம் கூடினால் பின்னால் கடல் திறக்கும்.

எல்லா இடத்திலும் திறக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உயேதா, கனமோரி என்ற இரு ஆய்வாளர்கள் 1979இல் அமிழ்வு வலயங்களைச் சிலி வகை, மரியானா வகை என்று இரண்டு எதிரெதிர் முனைகளாக வைத்துப் பார்த்தார்கள். சிலியில் இறங்கும் தகடு வயது குறைந்தது. தென்னமெரிக்காவும் அகழியை நோக்கித் தள்ளிக்கொண்டு வருகிறது. அங்கே பின்னால் கடல் இல்லை, நெரிந்து உயர்ந்த அண்டீஸ் மலை. 1960இல் 9.5 அளவில் பூமி அதிர்ந்ததும் அந்தக் கரையில்தான். இந்தப் படம் பசுபிக்கின் கீழைக்கரை வரை போகாததால் சிலியை நான் கரும்பலகையில்தான் வரைகிறேன். தென் அத்திலாந்திக்கின் தென் சான்ட்விச் தீவுகளும், இத்தாலிக்குப் பக்கத்துத் திரேனியக் கடலும் படத்தில் இல்லை. அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். அவற்றையும் சேர்த்திருந்தால் அளவு சிறுத்து, மரியானாவின் மேடு பள்ளம் எல்லாம் ஒரு நூலாகப் போயிருக்கும்.

டொங்காப் பகுதி படத்தின் வலது கீழ்மூலையில் இருக்கிறது. அங்கேயும் நன்றாகச் செய்திருக்கிறார்கள். டொங்காத் தீவுகளுக்கும் பிஜியின் லாவு முகட்டுக்கும் நடுவில் லாவுப் படுகை, வடக்கே அகன்று தெற்கே ஒடுங்கும் ஆப்பு வடிவத்தில் தெளிவாகத் தெரிகிறது. டான் காரிக் என்ற அமெரிக்கப் புவியியலாளர் 1970இல் இந்தப் பகுதியின் முகடுகளையும் படுகைகளையும் ஆராய்ந்துதான், வில்லுக்குப் பின்னால் கடற்றளம் இழுபட்டு விரிகிறது என்று வாதிட்டார். அடுத்த வருடம் அதே விளக்கத்தை மேற்குப் பசுபிக்கின் மற்ற ஓரக் கடல்களுக்கும் விரித்தார். 1990களில் ஜீபிஎஸ் கருவி வைத்து அளந்தபோது டொங்கா அகழியின் வடமுனையில் தகடுகள் நெருங்கும் வேகம் ஆண்டுக்கு 24 செ.மீ. வரை வந்தது. உலகில் இதுபோன்ற வேகம் அரிது. படுகையின் வடபகுதி ஆண்டுக்கு ஏறத்தாழ 16 செ.மீ. விரிகிறது. வடக்கே வேகம், தெற்கே மந்தம். ஆப்பு வடிவத்துக்குக் காரணம் அதுதான். 2022 ஜனவரி 15ஆம் திகதி வெடித்த ஹுங்கா டொங்கா எரிமலை இந்தப் படுகைக்கு முன்னால் நிற்கும் வில்லில் ஒன்று. செய்தியில் பார்த்த பெயர் என்பதால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

அதே கோட்டைத் தெற்கே பிடித்துக்கொண்டு போனால் ஹவ்ர் பள்ளம், பிறகு நியூசிலாந்தின் வடதீவுக்குள் தவுப்போ எரிமலை வலயம். கடலுக்கடியில் விரியும் பிளவு கரையேறி நிலத்துக்குள் போவதைப் படம் ஒரே நிற ஓட்டத்தில் காட்டுகிறது. பார்க்க அருமையாக இருக்கும்.

யப்பான் கடலுக்கு வந்தால் ஒரு எச்சரிக்கை. இந்தப் படம் மேர்கேற்றர் எறியத்தில், அதாவது நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக இடங்களைப் பெருப்பித்துக் காட்டும் முறையில், வரைந்தது. கீழ்மூலையில் 1 செ.மீ. என்றால் 100 கிலோமீற்றர் என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் அது நிலநடுக்கோட்டுக்குத்தான் சரி என்று எங்கேயும் சொல்லவில்லை. 40 பாகை வடக்கில் எல்லாமே ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பெருத்துத் தெரியும். என் வகுப்புப் பெடியள் அடிமட்டம் வைத்து யப்பான் கடலையும் அந்தமான் கடலையும் அளந்து ஒப்பிட்டபோது கணக்கு இடித்தது. பாடசாலைக்கென்று விற்கும் படத்தில் அந்த ஒரு வரியைச் சேர்ப்பது கடினமான வேலையா?

யப்பான் கடல் நல்ல உதாரணம் என்பதால்தான் இந்தக் கவலை. ஏறத்தாழ 25 முதல் 15 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் ஆசியக் கரையிலிருந்து யப்பான் கழன்று விலகியதில் பிறந்த கடல் அது. நடுவில் யமாத்தோ மேடு என்று கண்டப் பாறைத் துண்டு ஒன்று விடுபட்டுக் கிடக்கிறது. படத்தில் அது வெளிர்நீலத் திட்டாக வடிவாகத் தெரியும். இன்றைக்கு அந்தக் கடல் விரிவதில்லை, அதன் கிழக்கு விளிம்பு நெருக்கப்படுகிறது. 1983இல் அங்கே நில அதிர்வும் சுனாமியும் வந்து ஏறத்தாழ நூறு பேரைக் கொண்டுபோனது. திறந்த கடல் மூடவும் தொடங்கலாம் என்று காட்ட அந்த இடம் போதும். தெற்கே ஒக்கினாவாப் பள்ளம் இதற்கு எதிர்முனை: கண்ட ஓரம் இப்போதுதான் இழுபட்டு மெலிகிறது, அடியில் வெந்நீர் ஊற்றுகள் உலோகக் கனியங்களைப் படியவிடுகின்றன. அந்த ஊற்றுகளுக்குப் படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

மேலே பெரிங் கடலின் அலூசியன் படுகையும் உண்டு. வில்லுக்குப் பின்னால் இருந்தாலும் அது இப்படித் திறந்ததல்ல, தீவு வில் முளைத்தபோது பின்பக்கம் சிக்கிக்கொண்ட பழைய சமுத்திரத் தளம் என்பதுதான் நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம். படத்தில் அங்கே இரட்டைக் கோடு இல்லாதது சரிதான்.

இனி அந்தமான். பருத்தித்துறையில் விரலை வைத்து நேரே கிழக்கே இழுத்துப் பாருங்கள். கரையோர மேடை சட்டென்று முடிந்து வங்காள விரிகுடாவின் சமதளம் வரும், 3,000 மீற்றரைத் தாண்டிய ஆழம். 90 பாகை கிழக்கில் ஒரு மங்கல் வீக்கம்: தொண்ணூறு பாகைக் கிழக்கு முகட்டின் வடமுனை, கங்கையும் பிரமபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டலுக்குள் புதைந்துபோனது. அதே வண்டல் அகழியையும் நிரப்பிவிட்டதால் இங்கே மரியானாவைப் போலக் கருநீலக் கோடு இல்லை. 14 செ.மீ. போனதும் விரல் அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் இடையிலுள்ள பத்துப் பாகைக் கால்வாய்க்குள் நுழையும். அதைத் தாண்டினால் அந்தமான் கடல். நடுவில் மறுபடி கருநீலம். இந்த ஒரு கோட்டை மட்டும் வைத்து ஒரு பாடவேளை முழுக்கப் படிப்பிக்கலாம். எங்கள் வாசலில் தொடங்கி ஒரு கடல் பிறக்கும் இடத்தில் முடிகிறது.

அந்தக் கருநீலத்துக்கு நடுவில்தான் இரட்டைக் கோடு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தீவுகளுக்கு மேற்கே பல் வைத்த சிவப்புக் கோட்டைப் போட்டுவிட்டுக் கிழக்கே வெறுமையாக விட்டுவிட்டார்கள். அந்தமான் கடலின் நடுப்படுகை ஏறத்தாழ 4 மில்லியன் ஆண்டுகளாக விரிகிறது, ஆண்டுக்கு 3 முதல் 4 செ.மீ. வரை. இங்கே விரிவு நடக்கும் விதமும் தனி. இந்தியப் பக்கத்துத் தகடு நேராக முட்டாமல் பக்கவாட்டாகச் சாய்ந்து வந்து இறங்குகிறது. அதனால் மேற்றகட்டின் விளிம்பு ஒரு நீளத் துண்டாகக் கழன்று வடக்கே இழுபடுகிறது. அந்தத் துண்டு பக்கவாட்டாக வழுகும் கோடுகள் இரண்டு: தெற்கே சுமாத்திராப் பிளவு, வடக்கே மியன்மாரின் சகாயிங் பிளவு, இரண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை. இரண்டுக்கும் இடையில் விலகல் விழுந்த இடத்தில் கடற்றளம் திறக்கிறது. மரியானாவில் அகழி பின்வாங்கிக் கிழிக்கிறது. அந்தமானில் பக்கவாட்டு இழுவைக்குத்தான் பெரிய பங்கு. இரண்டையும் ஒரே படத்தில் ஒப்பிடக் கிடைத்த வாய்ப்பை வரைந்தவர்கள் வீணாக்கிவிட்டார்கள். பரன் தீவு எரிமலைக்குச் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார்கள், அதற்கு நன்றி. 1787இல் வெடித்ததாகப் பதிவாகி, நெடுங்காலம் அடங்கிக் கிடந்து, 1991இல் மீண்டும் வெடித்த எரிமலை அது.

இந்தக் குறை என்னை ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் வடமராட்சி கிழக்கிலிருந்து வருபவர்களும் இருக்கிறார்கள். 2004 மார்கழி 26 அவர்கள் பிறப்பதற்கு முந்தியது, ஆனால் அவர்கள் வீடுகளில் அது முந்தியதாகவில்லை. அன்றைக்கு உடைந்தது வில்லின் முன்பக்கம், அகழியை ஒட்டிய எல்லை, சுமாத்திராவின் வடக்கிலிருந்து அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர். வில்லின் பின்பக்கம் விரியும் கடலிலும் நடுக்கங்கள் வரும், ஆனால் அவை வேறு வகை. அத்தனை பெரிய சுனாமியை எழுப்பியது முன்பக்கத்து உடைவுதான். முன்பக்கம் எது, பின்பக்கம் எது, எங்கே இறுகுகிறது, எங்கே விரிகிறது என்று எங்கள் பிள்ளைகள் விரல் வைத்துக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். மரியானாவுக்குக் காட்டிய அக்கறையை எங்கள் கடலுக்கும் காட்டியிருக்கலாம்.

மற்றக் குறைகள் சின்னவை. 6,000 மீற்றருக்குக் கீழே எல்லா ஆழத்துக்கும் ஒரே நிறம், அதனால் அகழிகளுக்குள் எது ஆழம் கூடியது என்று கண்ணால் பிரிக்க முடியாது. மறுமுனையில், பாக்கு நீரிணையும் 200 மீற்றர் மேடையும் ஒரே வெள்ளை. லமினேற் பளபளப்பதால் ரியூப் லைற்றுக்கு நேரே தொங்கவிட்டால் பின்வாங்கில் இருப்பவர்களுக்குப் பாதிப் படம் வெளிச்சத்தில் மறைந்துவிடும்; யன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவரில் மாட்டுங்கள். பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில். நான் வெள்ளை ஸ்ரிக்கரில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன், லமினேற்றில் நன்றாகப் பிடிக்கிறது. அழியாத மார்க்கர் பேனையால் வரைந்தாலும் நிற்கிறது. அந்தமான் நடுப்படுகைக்கு ஒரு சிறு இரட்டைக் கோட்டை, ஏறத்தாழ 10 பாகை வடக்கிலிருந்து வடகிழக்காக ஏறுவதுபோல, சிவப்பில் வரைந்துவிடுங்கள்.

தனியாக வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இது தேவையில்லை; இடமும் கொள்ளாது, காசும் கூட. பாடசாலைப் புவியியல் அறைக்கும், என்னைப் போல ரியூட்டரியில் படிப்பிப்பவர்களுக்கும், பொது நூலகங்களுக்கும் தயங்காமல் சொல்வேன். கடைக்கார அண்ணை சுருளைத் தரையில் விரித்துப் பார்க்க விட்டார், அவசரப்படுத்தவில்லை. நீங்களும் விரித்துப் பார்த்தே வாங்குங்கள். நான் பார்த்த பிரதிகளில் ஒன்றில் லமினேற்றுக்குள் காற்றுக் குமிழ் புகுந்து, டொங்காப் பக்கம் முழுக்க மங்கியிருந்தது.